பழைய பாட்டுக்கு என்ன வயது?

எங்கள் வீட்டு மர்பி ரேடியோவில் சுவிட்சைத் திருகினால் உடனே சத்தம் வராது. உள்ளே வால்வுகள் சூடேற வேண்டும். முகப்பில் இருந்த பச்சைக் கண் மெல்ல ஒளிர்ந்து விரிய வேண்டும். அதன் பிறகுதான் கொழும்பு பேசும். ஊர் தூத்துக்குடிப் பக்கம் என்பதால் சென்னையைவிட இலங்கை வானொலி அங்கே தெளிவாகக் கேட்கும். காலையில் அப்பா நாளிதழை விரித்துக்கொண்டு ரேடியோவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சில பாட்டுகளுக்கு அறிவிப்பாளர் முன்கூட்டி விவரம் சொல்லமாட்டார். பாட்டு முடிந்த பிறகே சொல்வார். அப்படி வரும் பாட்டில் முதலில் காதில் விழுவது ஒரு கரகரப்பு, இசைத்தட்டில் முள் இறங்கும் சத்தம். அந்தக் கரகரப்பின் கனத்தைக் கேட்டதுமே அப்பா நாளிதழை மடியில் இறக்கிவிடுவார். "பழைய பாட்டு வருது" என்பார். பெரும்பாலும் தவறியதில்லை.

அது 1977. எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா சொன்ன பழைய பாட்டு தியாகராஜ பாகவதர் பாடியது, பி.யு. சின்னப்பா பாடியது, கே.பி. சுந்தராம்பாள் பாடியது. என் கணக்கில் 'பாசமலர்' படப் பாட்டே பழையதுதான். கல்லூரியில் படித்த அக்காவுக்கு முந்தைய ஆண்டு வந்த 'அன்னக்கிளி'யைத் தவிர எல்லாமே பழையவை. ஒரே ரேடியோவின் முன் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் ஒரே சொல்லுக்கு மூன்று பொருள் வைத்திருந்தோம். ஆனாலும் 'பழைய பாடல்கள்' என்று வானொலி அறிவித்தால் அது யாருடைய பழைமை என்பதில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. அது அப்பாவுடையது.

அதே ஆண்டு ஜூலை 23ஆம் நாள் சென்னையில் இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு தொடங்கியது. அந்த நாளை ஒரு கல்லாக நட்டு வைத்துக் கணக்கிட்டால் சில எண்கள் கிடைக்கின்றன. 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட 'ஹரிதாஸ்' படத்துக்கு அப்போது 33 வயது. 'பராசக்தி'க்கு 25. 'பாசமலரு'க்கு 16. தமிழ் பேசிய முதல் படமான 'காளிதாஸ்' வெளிவந்ததே 1931இல்தான். ஆகவே 1977இல் எவ்வளவு தேடினாலும் 46 வயதுக்கு மேற்பட்ட தமிழ்த் திரைப்பாட்டு ஒன்று கிடைத்திருக்காது. பழைய பாட்டு என்ற சொல்லுக்கு அன்று ஒரு கரை இருந்தது. அந்தக் கரையில் நின்றவர்களின் குரலை நேரில் கேட்டவர்கள் பலர் உயிரோடு இருந்தார்கள்.

2025இல் நின்று அதே தூரங்களை அளந்தால் 'ஹரிதாஸ்' அன்று இருந்த இடத்தில் 'ரோஜா' இருக்கிறது. 1992 ஆகஸ்டில் வந்த அந்தப் படத்துக்கும் 33 வயது. 'பாசமலர்' இருந்த இடத்தில் 'அயன்'. அக்காவின் புதுப்பாட்டான 'அன்னக்கிளி'க்கு இன்று 49. அதாவது, 1977இல் இருந்த மிகப் பழைய திரைப்பாட்டைவிட இளையராஜாவின் முதல் படத்துக்கு இன்று வயது அதிகம். தமிழ்த் திரைப்பாட்டின் மொத்த நீளம் 46 ஆண்டிலிருந்து 94 ஆண்டாக, இரண்டு மடங்குக்கு மேல் வளர்ந்திருக்கிறது. வானொலியின் பழைய பாட்டு அந்த நீளத்தோடு சேர்ந்து வளரவில்லை. அதன் ஒரு முனை முன்னே நகர்ந்தபோது மறு முனையும் கூடவே நகர்ந்துவிட்டது.

அந்தக் காலத்துப் பழைய பாட்டு தமிழ்நாட்டுக்குக் கடல் கடந்து வர வேண்டியிருந்ததற்கு ஒரு கதை உண்டு. 1952இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குத் திரையிசை பிடிக்காது. செவ்வியல் இசையே வானொலிக்கு உரியது என்பது அவர் கொள்கை. ஆல் இந்தியா ரேடியோவில் திரைப்பாட்டு சுருங்கியது. பாட்டை ஒலிபரப்பும்போது படத்தின் பெயரைச் சொன்னால் அது விளம்பரமாகிவிடும் என்ற நிலைப்பாட்டால் தயாரிப்பாளர்களோடும் பிணக்கு வந்தது. கேட்பவர்கள் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைப்பிரிவு கொழும்பில் நிறுவிய வலிமையான ஒலிபரப்பிதான் பின்னர் ரேடியோ சிலோனுக்கு வந்து சேர்ந்திருந்தது. போர்ச் செய்திக்காக வைத்த கருவி சுந்தராம்பாளைச் சுமந்தது. விட்ட நேயர்களைப் பிடிக்க 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதி தொடங்கியது. அதற்குள் இங்கே ஒரு தலைமுறைக்கு இலங்கை வானொலி பழகிவிட்டிருந்தது.

எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று அந்த அறிவிப்பாளர்களின் பெயர்களைத் திரை நட்சத்திரங்களின் பெயர்களைப் போலச் சொன்ன ஊர்கள் தென்மாவட்டங்களில் உண்டு. அவர்களின் குரலைப் போலவே அவர்கள் தந்த விவரமும் மதிப்புள்ளது. படம், இசை, பாட்டெழுதியவர், பாடியவர் என்று நான்கும் வரும். இந்த நான்கைக் கேட்டுக் கேட்டே பாபநாசம் சிவன் யார், ஜி. ராமநாதன் யார், ஏ.எம். ராஜாவுக்கும் பி.பி. ஸ்ரீனிவாசுக்கும் குரலில் என்ன வேறுபாடு என்பதெல்லாம் எங்களுக்குப் பிடிபட்டது. யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்தவில்லை.

இன்று தனியார் பண்பலையில் பாட்டு வரும்போது இந்த நான்கில் ஒன்றுகூடப் பல நேரம் வருவதில்லை. ஆர்.ஜே. ஒரு சிரிப்புத் துணுக்கைச் சொல்லி முடிக்குமுன்பே பாட்டின் முதல் இசை பின்னால் ஏறிவிடுகிறது. பாட்டு முடியுமுன்பே அடுத்த விளம்பரம் அதன் வாலைப் பிடித்துக்கொள்கிறது. குறை சொல்வதற்கில்லை. வேண்டியவர் கைப்பேசியைப் பாட்டின் அருகே நீட்டினால் பெயர், ஆண்டு, ஆட்கள் எல்லாம் திரையில் வந்து விழும். அன்று விவரம் கேட்காமலே வந்தது. இன்று கேட்டவருக்கு வருகிறது. கேட்கத் தோன்றாதவருக்குத்தான் இழப்பு. அவரே பெரும்பான்மை.

பாட்டைக் கேட்டு வாங்கும் முறையும் மாறியது. நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிட்டுச் சில வாரங்கள் காத்திருப்போம். பாட்டு வருகிறதோ இல்லையோ, பெயர் வாசிக்கப்பட வேண்டும். ஒரு பாட்டுக்கு முன் ஊரும் பேரும் நீளமாக ஓடும்; தெரு முழுவதும் ஒரே நிலையம் என்பதால் நம் பெயர் வந்ததை நாம் சொல்ல வேண்டியதில்லை. இன்று வாட்ஸாப்பில் குரல் அனுப்பினால் பத்து நிமிடத்தில் பாட்டு வரும். அந்தப் பத்து நிமிடம்கூட எதற்கு என்று கேட்பவர் யூடியூபுக்குப் போய்விடுகிறார்.

பழையது என்று எது சொல்லப்படுகிறது என்பதை அன்று தீர்மானித்தது நிலையத்தின் இசைத்தட்டு அலமாரி. தட்டு இருந்தால் ஒலிக்கும். கீறல் விழுந்தால் ஓய்வு பெறும். 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடமும் சில நொடிகளுமே அடங்கும் என்பதால் பாட்டின் நீளத்தையும் அந்தத் தட்டே வகுத்திருந்தது. நிகழ்ச்சி அமைப்பாளர் அலமாரியின் கோடியிலிருந்து ஒரு தட்டை உருவினால் போதும். யாருக்கும் தெரியாத பாட்டு ஒன்று லட்சம் வீடுகளில் ஒலித்துவிடும். அவருடைய ரசனையும் சில நேரம் அவருடைய சோம்பலும் எங்கள் காதுகளை வளர்த்தன.

இன்று அந்த இடத்தில் கணினிப் பட்டியல் இருக்கிறது. தனியார் நிலையத்தின் வருமானம் விளம்பரம். விளம்பரதாரர் தேடுவது சம்பாதித்துச் செலவழிக்கும் வயதினரை. ஆகவே அவர்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் கேட்ட பாட்டே 'பழைய பாட்டு' ஆகிறது. பகலில் புதியது, இரவு உணவுக்குப் பிறகு எண்பதுகள், இளையராஜா, எஸ்.பி.பி., ஜானகி. அதற்கு 'எவர்கிரீன்', 'ரெட்ரோ', 'எய்ட்டீஸ் ஹிட்ஸ்' என்று பெயர். 'நைன்ட்டீஸ் கிட்ஸ்' என்ற சொல் வந்த பிறகு ரகுமானும் தேவாவும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டார்கள். 'இடைக்காலப் பாடல்' என்று வானொலியில் ஒரு வகை இருந்தது. பழையதுக்கும் புதியதுக்கும் நடுவில் நிற்பது. அந்த இடைக்காலம்தான் இன்றைய பழைய காலம். அதற்கு முந்தையது எந்தப் பெயருக்குள்ளும் அடங்காமல் வெளியே நிற்கிறது. விஸ்வநாதன் - ராமமூர்த்தி இன்னும் ஓரளவு தப்பித்து ஒலிக்கிறார்கள். அவர்களுக்கு முந்தைய ஜி. ராமநாதன் எப்போதாவது வருகிறார். பாகவதர் வருவதில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்தது என்று சொல்ல முடியாது. பழைய பாட்டுக்கென்றே தனி நிலையங்கள் நடத்திய அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் வானொலிக்காரர் ஆர்ட் லபோ 1959இல் 'ஓல்டீஸ் பட் குட்டீஸ்' என்று ஓர் இசைத்தட்டுத் தொகுப்பு வெளியிட்டார். அதில் இருந்த 'பழைய' பாட்டுகள் சில ஆண்டுகளுக்கு முன் வந்தவைதான். நியூயார்க்கின் டபிள்யூசிபிஎஸ் பண்பலை 1972இல் பழைய பாட்டு நிலையமானது. 2005 ஜூன் மாதம் ஒரே நாளில் அதைக் கைவிட்டது, நேயர்கள் கொதித்தார்கள், 2007 ஜூலையில் பழைய பாட்டு திரும்பியது. ஆனால் திரும்பி வந்தது பழைய பழையது அன்று. ஐம்பதுகளின் பாட்டு உதிர்ந்து, எழுபதுகளும் எண்பதுகளும் உள்ளே வந்திருந்தன. 'ஓல்டீஸ்' என்ற பெயரே அங்குள்ள நிலையங்களில் மெல்ல மறைந்து 'கிளாசிக் ஹிட்ஸ்' ஆகிவிட்டது. 25 முதல் 54 வயது வரை உள்ளவர்களைத் தேடும் விளம்பரதாரருக்குப் 'பழைய' என்ற சொல் உகந்ததாக இல்லை.

இன்னொரு முரணும் உண்டு. இந்தியச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நிற்கும். அந்தக் கணக்கில் 'ஹரிதாஸ்' தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை 2004 முடிவோடு தீர்ந்தது. 'பாசமலர்', 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை' என்று 1964 வரை வெளியான பதிவுகளுக்கும் அதுவே நிலை. சொல்லுக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை வேறு; அது படைத்தவரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு. இருந்தாலும் பதிவுக்கென்று கட்டணம் கேட்க இன்று ஆளில்லை. பணம் கொடுத்துப் போட வேண்டியிருந்த காலத்தில் ஒலித்த பாட்டு, பதிவுக்குப் பணம் வேண்டாத காலத்தில் ஒலிக்கவில்லை.

பாட்டு எங்கும் போய்விடவும் இல்லை. 1977இல் அப்பா ஒரு பாகவதர் பாட்டை மீண்டும் கேட்க வேண்டுமானால் கொழும்பின் தயவு வேண்டும், வானிலையின் தயவு வேண்டும், மின்சாரத்தின் தயவும் வேண்டும். ஒரு முறை தவறவிட்ட பாட்டு மறுபடி வர மாதங்கள் ஆகலாம். இன்று யாரோ ஒரு சேகரிப்பாளர் தன் வீட்டுத் தட்டுகளை ஒவ்வொன்றாக யூடியூபில் ஏற்றி வைத்திருக்கிறார். வானொலி நிலையத்தின் அலமாரியில்கூட இல்லாதவை அங்கே கிடைக்கின்றன. ஒரு காலத்தில் எச்.எம்.வி. முத்திரையோடு தட்டு அச்சடித்த அதே நிறுவனம், சரிகம என்ற பெயரில், 2017இல் கார்வான் என்ற பெட்டியை விற்பனைக்கு விட்டது. பார்க்கப் பழைய ரேடியோ. உள்ளே ஆயிரக்கணக்கான பாட்டுகள். பிள்ளைகள் வாங்கிப் பெற்றோருக்குப் பரிசளித்தார்கள். அது ரேடியோ போலவே இருந்தது. அடுத்து என்ன வரும் என்று தெரியாத ஒரு நிலையத்தின் பதற்றம் மட்டும் அதில் இல்லை. எவ்வளவு கேட்டாலும், கேட்கப்போகும் பாட்டு ஏற்கெனவே பெட்டிக்குள் இருப்பதுதான்.

பழைய பாட்டு மீண்டெழும் வழியும் இன்று வேறு. 2024 பிப்ரவரியில் வந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் 1991இன் 'குணா' படப் பாட்டு ஒன்றை உச்சக் காட்சியில் வைத்தது. இங்கே அரங்குகளில் இளைஞர்கள் அதைச் சேர்ந்து பாடினார்கள். அதே ஆண்டு 'லப்பர் பந்து' 1989இன் 'பொன்மனச் செல்வன்' பாட்டைக் கிரிக்கெட் மைதானத்துக்குக் கொண்டுவந்தது. 'குணா'வுக்கு அப்போது வயது 33. அன்று 'ஹரிதாஸு'க்கு இருந்த அதே வயது. எண் ஒன்றானாலும் நிலை ஒன்றில்லை. 1977இல் இருபது வயதுக்காரர் கூட்டம் ஒன்று அரங்கில் எழுந்து பாகவதர் பாட்டைப் பாடியிருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஏன் என்பது எனக்கு வெகுகாலம் புரியவில்லை. ஒரு நாள் காரில் என் மகள் ஓட்ட, பண்பலையில் 'ரோஜா' பாட்டு வந்தது. "உங்கம்மா காலேஜ் படிக்கிறப்ப வந்த படம். பழைய பாட்டு" என்றேன். "இது பழைய பாட்டா?" என்று கேட்டுவிட்டு ஒலியைக் கூட்டினாள். அதற்கு முன் வந்த பாட்டு அந்த மாதம் வெளியானது. இரண்டுக்கும் நடுவே காதில் படும்படி ஒரு கோடும் இல்லை. அதே துல்லியம், அதே அகலம், அதே ஆழமான தாளம். 1992க்குப் பிறகு பதிவுக் கருவிகள் எவ்வளவோ மாறியிருக்கலாம். கேட்பவர் காதுக்கு அந்த மாற்றம் ஒரு மடிப்பாகத் தெரிவதில்லை.

1944க்கும் 1977க்கும் நடுவே எத்தனையோ மடிப்புகள். ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைவரை எட்ட வேண்டிய உச்சக் குரல் பாகவதருடையது. அவர் தலைமுறை நடிகர் தாமே பாடினார். பிறகு நடிக்க ஒருவர், பாட ஒருவர் என்று ஆனது. ஒலிவாங்கிக்கு மிக அருகில் நின்று மெல்லப் பாடலாம் என்று ஏ.எம். ராஜா காட்டினார். வடமொழி மிகுந்த சாகித்தியம் போய்க் கண்ணதாசனின் பேச்சுத்தமிழ் வந்தது. ராகத்தின் மேல் நின்ற பாட்டு, பல வாத்தியங்களின் மேல் நின்றது. தட்டு 78 சுற்றிலிருந்து 45 ஆயிற்று. முப்பத்து மூன்று ஆண்டில் ஒரு கலை முழுவதும் உருமாறியிருந்தது. அப்பா "பழசு" என்றபோது என் காது அதை உடனே ஒப்புக்கொண்டதற்கும், அந்தப் பாட்டு எனக்கு அலுப்பாக இருந்ததற்கும் அதுவே காரணம். அலுப்பாக இருந்தாலும் எழுந்து போக வேறு ரேடியோ கிடையாது. உட்கார்ந்து கேட்டேன். இருபது வயதில் அதே பாட்டு எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததற்கு என் முயற்சி எதுவும் இல்லை.

என் மகளுக்கு அந்த அலுப்பு நேரவில்லை. பிடிக்காத பாட்டில் மூன்று நிமிடம் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பே அவளுக்கு இல்லை. விரல் நகர்ந்தால் பாட்டு மாறும். அதில் அவள் பெற்ற சுதந்திரம் பெரிது. எனக்கும் அது கிடைத்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். பாகவதரை என்றைக்குமே கேட்டிருக்கவும் மாட்டேன். அன்றைய வானொலியின் பழைய பாட்டு நாம் பிறக்காத காலத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது. இன்றைய பண்பலையின் பழைய பாட்டு நாம் வாழ்ந்த காலத்தையே நமக்குத் திருப்பித் தருகிறது. முன்னது அறிமுகம், பின்னது நினைவூட்டல். நினைவூட்டலில் சுகம் அதிகம், சந்தேகமில்லை. இரவு பத்து மணிப் பேருந்தில் எண்பதுகளின் பாட்டு ஓடும்போது யாரும் ஓட்டுநரை நிறுத்தச் சொல்வதில்லை.

அண்மையில் 'ஹரிதாஸ்' பாட்டு ஒன்றின் துப்புரவு செய்த பதிவு கிடைத்தது. யாரோ நல்ல காரியமாக எண்ணி, கணினியில் கீறல்களையெல்லாம் நீக்கி, இரைச்சலை வடித்திருந்தார்கள். மர்பியில் ஒருநாளும் கேட்டிராத தெளிவு. தம்பூராவின் மீட்டல்கூடத் தனியாகக் கேட்டது. பாகவதர் நேரே பல்லவியில் தொடங்கினார். நான் தயாராக இருக்கவில்லை. பாட்டு தொடங்குமுன் ஓர் அரை நொடி வேண்டியிருந்தது, நாளிதழை மடியில் இறக்கிக்கொள்ள.